ஹியென் விமானத்துக்குப் போட்ட கொசுறு

போன வாரம் உங்களில் ஒருவர் எனக்கு ஒரு படம் அனுப்பியிருந்தீர்கள். நம் அலுவலகச் சுவர். ஒரு பெட்டி இருந்த இடம் மட்டும் பளிச்சென்று வெள்ளையாகவும், சுற்றிலும் மிளகாய் வத்தல் தூசி படிந்து பழுப்பாகவும் இருந்தது. மூலைக்கு ஒன்றாக ஆணித் துளைகள். கூடவே ஒரு கேள்வி: "சார், ரெண்டாவது நெட்டுப் பெட்டியக் கழட்டிட்டாங்க. சும்மாவே கெடந்த பெட்டிய இத்தன வருசம் எதுக்கு வச்சிருந்தாங்க, இப்ப எதுக்குக் கழட்டுனாங்கன்னு மேடத்துக்கிட்ட கேட்டோம். அண்ணனக் கேளுங்கன்னு சொல்லிட்டாங்க."

பதிலுக்குக் கட்டைவிரல் படம் ஒன்றைப் போட்டுவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தேன். கேள்வி கேட்டவருக்குக் கட்டைவிரலைக் காட்டுவது பதில் ஆகாது என்று எனக்கும் தெரியும். அன்றைக்கு அதற்கு மேல் எழுத வரவில்லை.

மேடம் உங்களை என்னிடம் அனுப்பியிருக்கிறார். அவர் காரணமில்லாமல் யாரையும் எங்கேயும் அனுப்புகிறவர் இல்லை. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். ஓய்வு பெற்றவர்கள் எழுதுகிற பணி அனுபவங்களில் வழக்கமாக எழுதியவர்தான் கெட்டிக்காரராக இருப்பார். இதில் அந்தத் தொந்தரவு உங்களுக்கு இருக்காது.

இந்த வருஷம் புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக முதலில் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நமக்கு வேலை தருகிற வெளிநாட்டுக் கம்பெனி ஒரு போர் விமான சிமுலேட்டர் நடத்துகிறது. உலகத்தில் எங்கெங்கோ இருப்பவர்கள் தங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமானங்களை ஓட்டி, ஒருவரையொருவர் சுட்டு வீழ்த்துவார்கள். அதில் ஜப்பான் பக்கத்துச் சண்டை விமானங்களைச் செய்து கொடுப்பது நம் வேலை. உருவம் மட்டும் அல்ல. எந்தத் துப்பாக்கி எங்கே மாட்டியிருந்தது, எத்தனை குண்டு பிடித்தது, பட்டால் எதிரி விமானத்துக்கு எவ்வளவு சேதம் என்பதும் நம் பொறுப்பு.

அங்கேதான் சிக்கல். ஜப்பானியர்கள் ஒரே விமானத்தைத் துப்பாக்கியை மட்டும் மாற்றி மாற்றிப் பல வகையாக விட்டார்கள். கோ, ஒட்ஸு, ஹெய், டெய் என்று அவற்றுக்குப் பெயர். நாம் அ, ஆ, இ, ஈ என்று வரிசை போடுவோமே, அதுபோல. ஹியென் என்ற விமானத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கோ வகைக்கு மூக்கில் இரண்டு 12.7 மில்லிமீட்டர் துப்பாக்கி, இறக்கையில் அதைவிடச் சின்னதாக இரண்டு. ஒட்ஸு வகையில் நான்குமே 12.7. ஹெய் வகைக்கு இறக்கையில் ஜெர்மனியிலிருந்து வரவழைத்த 20 மில்லிமீட்டர் பீரங்கி. இறக்கைக்குள் நிமிர்த்தி வைக்க இடம் போதாமல் அதைப் பக்கவாட்டில் படுக்க வைத்தார்கள். அதனால் இறக்கை மேல் ஒரு சின்னப் புடைப்பு இருக்கும், முன்னால் குழல் நீட்டிக்கொண்டிருக்கும். 12.7 குண்டு துளை போடும். 20 மில்லிமீட்டர் குண்டு வெடிக்கும். ஒரு எழுத்து மாறினால் எதிராளி பிழைப்பதும் சாவதும் மாறிவிடும்.

எனக்கு ஊர் திருச்சுழிப் பக்கம். மழையை நம்பிய நிலம். பட்டறையில் மில் எந்திரங்களுக்குப் படம் வரைந்துகொண்டிருந்தவன், கம்ப்யூட்டரில் வரையப் பழகி, தலை நரைத்த பிறகுதான் இந்த வேலைக்கு வந்தேன். ஊருக்குப் போனால் என் பெரியப்பா மகன் பஸ் ஸ்டாப்பிலேயே பிடித்துக்கொள்வான். "ஏலே, ஏரோப்ளேனுக்கு நீதான் துப்பாக்கி மாட்டுறியாம்ல?" என்பான். நான் இல்லையென்று சொன்னதே இல்லை. மீசையைத் தடவிக்கொண்டு நடந்துவிடுவேன்.

ஊரில் அப்படி வீங்கிய நான் வெளிநாட்டுக்காரர்கள் முன்னால் சுருங்கிப் போவேன். எங்கிருந்து பேசுகிறீர்கள் என்று கேட்டால் மதுரை என்பேன். அருப்புக்கோட்டை என்று சொன்னால் என்ன குடியா முழுகிவிடும்? ஆனாலும் வாய் வராது. நம் அலுவலகம் கடை மாடியில் வத்தல் மூட்டை அடுக்கிய பழைய கிட்டங்கிதானே. மூட்டைகள் கேமராவில் தெரியாமலிருக்க நாற்காலிக்குப் பின்னால் ஒரு நீலத் துணியைக் கட்டியிருந்தேன். கீழே லோடு இறக்குகிற சத்தமோ லாரி ஹாரனோ கேட்டால் சட்டென்று மைக்கை அணைத்துவிடுவேன். எதையும் கண் இமைக்கிற நேரத்தில் அணைப்பதில் எனக்கு நல்ல கைப்பழக்கம். இதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

மேடம் கீழே கடை வைத்திருக்கிற வியாபாரக் குடும்பத்துக்கு மருமகளாக வந்தவர். என்னைவிட ரொம்பச் சின்னவர். கல்லாவில் உட்கார்ந்து வத்தலும் மல்லியும் விற்றுக்கொண்டே இந்தத் தொழிலை மாடியில் ஆரம்பித்தார். அவருடைய மாமனார் கிட்டங்கியை விட்டுக்கொடுத்தாலும் மனசை விட்டுக்கொடுக்கவில்லை. வெளிநாட்டு வேலை நின்றால் மாடியில் மறுபடியும் மூட்டை ஏறும் என்று முதல் நாளே சொல்லிவிட்டார். பஸ்ஸில் துண்டைப் போட்டு இடம் பிடிப்பதுபோல மூலையில் சில மூட்டைகளை இறக்காமலே வைத்திருந்தார். மேடம் அந்த மூட்டைகளைத் தினமும் பார்ப்பார். அங்கே வேலை பார்த்த பெண்களும் பார்ப்பார்கள். மதுரைக்கோ சென்னைக்கோ அனுப்பாத வீடுகளிலிருந்து வந்தவர்கள் அவர்கள். மூட்டை ஏறினால் அவர்களுக்கு வேலை என்பதே கிடையாது.

இனி கொசுறு. கீழே கடையில் வத்தல் வாங்கினால், எடை போட்டு முடித்துப் பையில் கொட்டிய பிறகு, ஒரு கை மல்லி சேர்த்துப் போடுவார்கள். அந்தக் குடும்பத்தில் அது வியாபாரத்தின் மரியாதை. நாம் முதல் விமானத்தை அனுப்பின அன்றைக்கே மேடம் மாடிக்கு வந்து கேட்டார்.

"ஏண்ணே, அவுக கேட்டத மட்டுமா அனுப்புறோம்? கொசுறு ஒண்ணும் கெடையாதா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் கேட்காத பெட்ரோல் தொட்டி ஒன்றை, இறக்கைக்கடியில் தொங்குகிற மாதிரி செய்து சேர்த்து அனுப்பினேன். அந்தக் கம்பெனிக்காரர்கள் குளிர்ந்து போய் நன்றி எழுதினார்கள். அன்றிலிருந்து ஒவ்வொரு விமானத்துக்கும் ஒரு கொசுறு என்று ஆகிவிட்டது. அதைச் செய்வது என் பொறுப்பு.

ஹியெனில் அவர்கள் கேட்டது கோ, ஹெய் இரண்டு வகைகளைத்தான். இரண்டையும் மாதக்கணக்கில் இழைத்து இழைத்துச் செய்தோம். பந்தல்குடியிலிருந்து பஸ்ஸில் வருகிற முத்துச்செல்வி ஒவ்வொரு துப்பாக்கியின் விவரத்தையும் மூன்று இடங்களில் ஒப்பிட்டுப் பார்த்துத்தான் விடுவாள். எல்லாம் தயாரான அன்றைக்கு மத்தியானம், அனுப்பப் போகிற சமயத்தில், கொசுறு போடவில்லை என்பது எனக்கு ஞாபகம் வந்தது.

நானே உட்கார்ந்தேன். ஹெய் வகையைப் பிரதி எடுத்தேன். இறக்கையின் புடைப்பை மழித்தேன், நீட்டிக்கொண்டிருந்த குழலைக் குறைத்தேன், குண்டு எண்ணிக்கையை 12.7 துப்பாக்கிக்கு உரிய பெரிய எண்ணாக மாற்றினேன், ஒட்ஸு என்று பெயர் வைத்தேன். டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. செல்வி எட்டிப் பார்த்தாள்.

"சார், இத இன்னும் நாங்க செக் பண்ணலையே?"

"கொசுறுக்கு எவன்ம்மா தராசு வைப்பான்? சேத்து அனுப்பிவிடு."

அனுப்பிவிட்டாள். ஒரு விவரத்தை நான் மாற்றவில்லை என்பது இரண்டு பேருக்குமே தெரியாது. அந்த இறக்கைத் துப்பாக்கியின் குண்டு பட்டால் எவ்வளவு சேதம் என்ற எண், ஹெய் வகையின் பீரங்கிக்கு உரியதாகவே இருந்துவிட்டது. ஆக, பார்வைக்குச் சின்னத் துப்பாக்கி, குண்டும் சின்னத் துப்பாக்கிக்கு உரிய ஏராளம், அடி மட்டும் பீரங்கி அடி. அப்படி ஒரு விமானத்தை ஜப்பான் எந்தக் காலத்திலும் செய்ததில்லை. அருப்புக்கோட்டையில் நான் செய்தேன்.

சிமுலேட்டரில் அது வெளிவந்ததும் விளையாடுகிறவர்கள் கோ வகையையும் ஹெய் வகையையும் தொடவே இல்லை. எல்லோரும் ஒட்ஸு ஒட்ஸு என்று பறந்தார்கள். நான் பூரித்துப் போனேன். மேடத்திடம் போய், "நம்ம கொசுறுதாம்மா இப்ப அங்க பேச்சே" என்றேன். அவர் சந்தோஷத்தில் எல்லோருக்கும் கருப்பட்டிச் சேவு வாங்கிக் கொடுத்தார். அதை நான் இரண்டு கை அள்ளித் தின்றேன்.

அப்புறம் அந்தக் கம்பெனியிலிருந்து ஒரு மெயில் வந்தது. போட்டி நடத்துகிறவர்கள் எல்லோரும் ஒட்ஸுவைத் தடை செய்துவிட்டார்களாம். காசு கொடுத்து வாங்கினவர்கள் ஏமாற்று விமானம் என்று எழுதுகிறார்களாம். அந்த வகையின் எண்களை எந்த ஆதாரத்திலிருந்து எடுத்தீர்கள் என்பதுதான் கேள்வி. மறுநாள் வீடியோவில் பேச வேண்டும், அடுத்த விமானமான ஹயாத்தேயை நமக்குத் தருவதா என்பதையும் அதிலேயே முடிவு செய்வார்கள் என்று முடித்திருந்தார்கள். மெயிலில் கோபமே இல்லை.

கோப்பைத் திறந்த உடனே பிழை தெரிந்துவிட்டது. செல்வியும் பின்னால் நின்று பார்த்தாள். அவள் ஏதாவது சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். அது வத்தல் சீசன். கீழே லாரி லாரியாகச் சரக்கு வந்துகொண்டிருந்தது, வைக்க இடமில்லாமல் மேடத்தின் மாமனார் மாடிப் படியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மேடத்திடம் போய்ச் சொன்னேன். அவர் கல்லாவை மாமனாரிடம் விட்டுவிட்டு மேலே வந்து கேட்டுக்கொண்டார்.

"எனக்குப் புரியிற மாதிரிச் சொல்லுங்கண்ணே."

"பாக்கச் சின்னத் துப்பாக்கிம்மா. அடி மட்டும் பெரிய துப்பாக்கி அடி. நம்பர மாத்த விட்டுப்போச்சு."

அவர் குனிந்து திரையிலிருந்த இறக்கையைப் பார்த்தார்.

"அப்படின்னா எடைக்கல்லு தப்புன்னு சொல்லுங்க" என்றார்.

வியாபாரக் குடும்பத்தில் அதைவிடக் கேவலமான ஒன்று கிடையாது. சொத்தைச் சரக்கை மன்னித்துவிடுவார்கள், கள்ளக் கல்லை மன்னிக்கமாட்டார்கள். அவர் முகம் சிறுத்துப் போனதைப் பார்த்ததும் நான் அவசரமாக ஒரு வழி சொன்னேன். போர்க் காலத்து ஆவணங்கள் ஒன்றுக்கொன்று முரணானவை, களத்தில் இருந்த படைகள் தங்களிடம் கிடைத்த துப்பாக்கியை மாட்டிக்கொண்டதும் உண்டு, ஆகவே அப்படி ஒரு வகை இருந்ததாக ஒரு பழைய ஜப்பானிய ஆவணத்தில் பார்த்தோம் என்று சொல்லிவிடலாம். அதை இல்லையென்று நிரூபிக்க அவர்களாலும் முடியாது.

"அப்படி ஒரு ஆவணம் இருக்காண்ணே?"

"இருக்கலாம்மா."

"இருக்கா, இருக்கலாமா?"

"இல்லம்மா."

"அப்ப விடுங்க. நான் பேசிக்கிறேன்."

எனக்கு நெருக்கடியில் புத்தி வேலை செய்யும் என்று ஒரு பெயர் உண்டு. உங்களில் சிலர்கூட அதைச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அன்றைக்கு என் புத்தி வேலை செய்த லட்சணம் இதுதான்: ஒரு பொய்யை எவ்வளவு அழகாகக் கட்டலாம் என்று யோசித்தது. மேடத்துக்கு விமானமும் தெரியாது, துப்பாக்கியும் தெரியாது. இருக்கா, இருக்கலாமா என்று கேட்க மட்டும் தெரிந்திருந்தது.

அந்தக் கடையின் இன்னொரு வழக்கத்தையும் சொல்ல வேண்டும். சரக்கு சரியில்லை என்று யாராவது திரும்பி வந்தால், கல்லாவில் இருப்பவர் முதல் காரியமாக எழுந்து நிற்பார். அப்புறம்தான் பேச்சு. மேடத்தின் மாமனாருக்கு முட்டி வலி. அவரும் மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிடுவார். குறை சொல்ல வந்தவர் போகும்வரை உட்காரமாட்டார். நான் அதைப் பல தடவை பார்த்திருக்கிறேன், நன்றாகவும் இருக்கும்.

மறுநாள் வீடியோவில் அந்தப் பக்கம் மூன்று பேர் வந்தார்கள். தாடி வைத்த ஒரு இளைஞர்தான் பொறுப்பாளர். இந்தப் பக்கம் மேடம் நடுவில், நான் பக்கத்தில், செல்வி ஓரத்தில். நீலத் துணியை நான் காலையிலேயே இழுத்துச் சரிசெய்து வைத்திருந்தேன். தாடிக்காரர் வணக்கம் சொல்லிவிட்டு, மெயிலில் கேட்டதையே கேட்டார்: ஒட்ஸுவின் எண்களுக்கு ஆதாரம் எது?

மேடம் எழுந்து நின்றார்.

அவர் யோசித்து எழுந்திருக்கவில்லை. குறை என்று காதில் விழுந்ததும் உடம்பு எழுந்துவிட்டது. மேசை மேல் இருந்த கேமராவில் அவர் முகம் போய்விட்டது. திரையில் தெரிந்ததெல்லாம் சேலைக் கொசுவம், இடுப்பில் செருகியிருந்த கிட்டங்கிச் சாவிக் கொத்து, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்திருந்த இரண்டு கை. கடையிலிருந்து நேராக வந்திருந்ததால் சேலையில் செம்பழுப்பாக வத்தல் தூசி. அப்படி நின்றபடி, தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், சின்னச் சின்ன வாக்கியமாகப் பேச ஆரம்பித்தார். ஆதாரம் இல்லை. தவறு எங்களுடையது. நீங்கள் கேட்காததை நாங்கள் பிரியத்தில் கொடுத்தோம், கொடுத்ததைச் சரிபார்க்கவில்லை.

நான் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கத்தில் ஒருவர் முகம் தேடுகிறவர்போலத் தலையைச் சாய்த்தார். இன்னொருவர் உதட்டோரம் லேசாக விரிந்தது. சிரிப்போ, சங்கடமோ, எனக்குத் தெரியாது. எனக்கு உடம்பெல்லாம் கூசியது. இத்தனை வருஷம் துணி கட்டி நான் மறைத்து வைத்திருந்த மூட்டையும் தூசியும் கடையும் மொத்தமாக எழுந்து கேமரா முன்னால் நின்றுவிட்டதுபோல இருந்தது. "உட்காருங்கம்மா" என்று வாய்க்குள்ளேயே சொன்னேன். அவர் காதில் விழவில்லை.

என் கை போனது. கேமராவை அணைத்துவிட்டேன்.

நம் பக்கத்துக் கட்டம் கறுப்பானது. மேடம் ஒரு வார்த்தையின் நடுவில் நின்றார். திரையைப் பார்த்தார். பிறகு அந்தக் கறுப்புக் கட்டத்துக்கு முன்னால் நின்றபடியே விட்ட இடத்திலிருந்து பேசி முடித்தார். மன்னித்துக்கொள்ளுங்கள் என்று அவர் கை கூப்பியதை அவர்கள் யாரும் பார்க்கவில்லை. நானும் செல்வியும்தான் பார்த்தோம்.

நெருக்கடியில் எடுத்த முடிவு என்று சொல்லிக்கொள்ள அந்தக் கணத்தில் என்னிடம் இருந்தது அது ஒன்றுதான். பிழையைச் செய்தவன் நான். அதற்காக நின்றவர் அவர். நான் வெட்கப்பட்டது என் பிழைக்காக அல்ல, அவர் நின்றதற்காக. உங்களிடம் இதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் சுற்றி வந்தேன். இலவசமாகக் கொடுப்பதைத்தான் முதலில் சரிபார்க்க வேண்டும் என்ற பாடத்தை நீங்கள் ஏற்கனவே பயிற்சியில் படித்துவிட்டீர்கள், அது பெரிய விஷயம் இல்லை.

தாடிக்காரர் எதையோ குறித்துக்கொண்டார். நேராகச் சொன்னதற்கு நன்றி என்றார். ஒட்ஸுவை எடுத்துவிடுகிறோம், திருத்தி அனுப்புங்கள், ஹயாத்தேயை உங்களுக்கே தருகிறோம் என்றார். ஒரே ஒரு நிபந்தனை. இனிமேல் கேட்டதைத் தவிர வேறு எதையும் அனுப்ப வேண்டாம். மேடம் சரி என்றார். தொழில் தப்பிவிட்டது. ஆனால் அந்தக் குடும்பத்தில் யாரிடமும் யாரும் உங்கள் கொசுறு வேண்டாம் என்று சொன்னதில்லை. அது அவருக்கு எங்கே போய்க் குத்தியிருக்கும் என்று எனக்குத் தெரியும்.

எல்லாம் முடிந்து செல்வி எழுந்து போன பிறகு மேடம் கேட்டார்.

"ஏண்ணே, நம்ம படம் ஏன் நின்னு போச்சு?"

"நெட்டு வீக்கும்மா. வீடியோ தானாவே கட்டாயிரும்."

"அவுக மூஞ்சியெல்லாம் நல்லாத் தெரிஞ்சுச்சே."

"அது அவுக நெட்டும்மா. அங்க நல்லா இருக்கும்."

அவர் என்னைப் பார்த்தார். நான் வயரைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தேன். வயரை ஆட்டினால் பொய்க்குக் கொஞ்சம் பலம் வரும் என்று நினைத்தேன்போல.

"மன்னிப்புக் கேக்கும்போது மூஞ்சி தெரியணும்ணே" என்றார். "மூஞ்சியக் காட்டாமக் கேட்டா, ஒளிஞ்சுக்கிட்டுக் கேக்குறோம்னுல்ல நெனப்பாக."

அடுத்த வாரமே ஆள் வந்து சுவரில் ஆணி அடித்து இரண்டாவது நெட்டு இணைப்பைக் கொடுத்துவிட்டுப் போனார். மாமனார் கீழேயிருந்து எதுக்கு இன்னொண்ணு என்று கத்தினார். மேடம், "வேணும் மாமா, இல்லாட்டி நம்ம பேரு கெட்டுப்போகும்" என்று பதில் சொன்னது எனக்கு மாடியில் கேட்டது. முதல் இணைப்பு அதற்கு முன்னும் பழுதானதில்லை, பின்னும் பழுதானதில்லை. அந்தப் பெட்டியில் பச்சை விளக்கு மட்டும் எரிந்துகொண்டே இருந்தது. நீங்கள் எல்லோரும் வேலைக்குச் சேர்ந்து ஆளுக்கு ஒரு தடவை அதைப் பற்றி என்னிடம் கேட்டீர்கள். கரண்ட்டுக்கு இன்வெர்ட்டர் மாதிரி, ஒன்று போனால் இன்னொன்று என்று ஒவ்வொருவருக்கும் விளக்கம் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அது உண்மைபோல ஆகிவிடும் என்று எதிர்பார்த்தேன். ஆகவில்லை.

ஒன்று மட்டும் செய்தேன். அந்த நீலத் துணியை அவிழ்த்துப் பெண்களிடம் கம்ப்யூட்டர் துடைக்கக் கொடுத்துவிட்டேன். எங்கிருந்து என்று கேட்டால் அருப்புக்கோட்டை என்று சொல்லப் பழகினேன். இதையெல்லாம் பெரிய பரிகாரம் என்று நினைக்காதீர்கள். துணியை அவிழ்ப்பது எளிது. கேட்க வேண்டியவரிடம் கேட்க வேண்டியதைக் கேட்காதவனுக்கு இப்படிச் சின்னச் சின்ன வேலைகள் நிறையக் கிடைக்கும்.

நான் ஓய்வு பெற்ற அன்று நீங்கள் எனக்குப் பொன்னாடை போர்த்தி, சேவும் கேசரியும் கொடுத்து, ஆளாளுக்குப் புகழ்ந்தீர்கள். மேடமும் பேசினார். அண்ணன் இல்லாவிட்டால் இந்த மாடி இல்லை என்றார். என்னால் தலையைத் தூக்க முடியவில்லை. நீங்கள் அதை அடக்கம் என்று நினைத்தீர்கள்.

நீங்கள் எல்லோரும் டீக்குக் கீழே இறங்கின பிறகு நானும் அவரும் மட்டும் மாடியில் இருந்தோம். இன்றைக்காவது சொல்லிவிட வேண்டும் என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்திருந்தேன். ஆனால் வாயிலிருந்து வந்தது வேறு.

"அந்த ரெண்டாவது லைன் தேவையில்லம்மா. கட் பண்ணிரலாம். வீண் செலவு."

மேடம் சுவரிலிருந்த அந்தப் பெட்டியைத்தான் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை.

"தெரியும்ணே" என்றார். "நீங்க இருக்கிற வரைக்கும் இருக்கட்டும்னுதான் வச்சிருந்தேன். இனிமே கழட்டச் சொல்லிருறேன்."

அவ்வளவுதான். குரலில் குத்தல் இல்லை. கோபம் இருந்தால் நானும் எதையாவது பிடித்துக்கொண்டு பேசியிருப்பேன். அன்றே அவருக்குத் தெரிந்திருக்கிறது. என் பொய் என் முகத்தில் விழுந்து உடைந்துவிடக் கூடாது என்று ஆணி அடித்து, இணைப்பு வாங்கி, மாமனாரிடம் பேச்சு வாங்கி, இத்தனை வருஷம் அதைச் சுவரில் மாட்டி வைத்திருக்கிறார். கேட்டதைத் தவிர எதையும் அனுப்பாதே என்று அந்தக் கம்பெனி சொன்ன பிறகும் அவர் எனக்கு மட்டும் கொசுறு போட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். நான் அப்போதும் என்ன சொன்னேன் தெரியுமா? "சரிம்மா" என்றேன். பொன்னாடையை மடித்துக் கையில் எடுத்துக்கொண்டு படி இறங்கிவிட்டேன்.

இப்போது உங்கள் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டேன். பெட்டி அங்கே இருந்தது என்னால். போனதும் என்னால்தான்.

ஒரு உதவி செய்யுங்கள். இதைப் படித்து முடித்ததும் யாராவது ஒருவர் கீழே கடைக்குப் போய், அண்ணன் சொல்லிவிட்டார் என்று மேடத்திடம் சொல்லுங்கள். அன்றைக்குப் படத்தை நிறுத்தியது நெட்டு இல்லை, அண்ணனுடைய கைதான் என்று அவரே எழுதியிருக்கிறார் என்று சொல்லுங்கள். மேடம் என்ன பதில் சொன்னார் என்று எனக்கு எழுத வேண்டாம். திங்கட்கிழமை காலை பஸ்ஸில் நானே வருகிறேன். கடையில் கூட்டம் குறைந்த பிறகு கல்லா முன்னால் வந்து நின்று மேடத்திடம் பேசிக்கொள்கிறேன்.

என்னைக் கண்டதும் பாசத்தில் யாராவது ஓடிவந்து உட்கார நாற்காலி போட்டுவிடாதீர்கள்.